எழுவாயைக் காணோம்

பத்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் ஆங்கில வாக்கிய அமைப்புகளைக் கேட்டுப் பாருங்கள். எஸ்.வி., எஸ்.வி.ஓ., எஸ்.வி.சி., எஸ்.வி.ஐ.ஓ.டி.ஓ., எஸ்.வி.ஓ.சி. என்று வாய்ப்பாடு மாதிரி ஒப்பிப்பார்கள். மார்க்குக்காகப் படிப்பது, பரீட்சை முடிந்த அன்றைக்கே மறந்துபோவது. நம் தெருப் பிள்ளைகளும் அப்படித்தான் மறக்கிறார்கள். மறக்கக் கூடாது என்பது என் கட்சி. சேரியில் பிறந்தவனுக்கு இலக்கணத்தில் இதைவிட உபயோகமான பாடம் இல்லை.

இந்த வாய்ப்பாட்டுக்கு ஒரு வரலாறு உண்டு. ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்த ஹார்ன்பி என்ற ஆங்கிலேயர், ஒரு வினைச்சொல்லின் அர்த்தம் தெரிந்தால் மட்டும் போதாது, அது எந்தெந்தப் பெயர்த்தொடர்களைக் கூட்டிக்கொண்டு வரும் என்பதும் தெரிய வேண்டும் என்று கண்டார். 1954-இல் அவர் வெளியிட்ட நூலில் ஆங்கில வினைகளை 25 அமைப்புகளில் அடக்கிக் காட்டினார். அதே பத்தாண்டின் கடைசியில் சென்னை மாநிலத்தில், தொடக்கநிலை ஆங்கிலம் நடத்தும் 27,000 ஆசிரியர்களுக்கு இந்த வழியில் மறுபயிற்சி தரும் பெரிய திட்டம் ஒன்று போடப்பட்டது. பிரிட்டிஷ் கவுன்சிலும் அதில் கூட நின்றது. எங்கள் காரியாபட்டிப் பக்கத்துப் பள்ளிக்கூடங்களுக்கு வந்து சேர்வதற்குள் விஷயமெல்லாம் உதிர்ந்து, எஸ்.வி.ஓ. என்ற எழுத்துகள் மட்டும் மிஞ்சின.

உதிர்ந்துபோன விஷயம் இதுதான். வாக்கியம் ஒரு பந்தி. எத்தனை இலை போடுவது என்பதை வினைதான் தீர்மானிக்கும். 'டை' என்ற வினை ஒரே இலை போடும்: செத்தவருக்கு. 'கில்' இரண்டு இலை போடும்: கொன்றவருக்கு ஒன்று, செத்தவருக்கு ஒன்று. 'கிவ்' மூன்று: கொடுத்தவர், வாங்கியவர், கொடுத்த பொருள். பந்தியில் யாருக்கு இலை, யாருக்கு இல்லை என்ற கணக்கு நமக்குப் புதிதா என்ன?

1968 டிசம்பர் 25, கீழ்வெண்மணி. "44 பேர் தீயில் கருகி இறந்தார்கள்" என்று எழுதினால் செத்தவர்களுக்கு மட்டும்தான் இலை. தீ தானாக நடந்து வந்து குடிசைக்குள் புகுந்த மாதிரி ஆகிவிடுகிறது. "44 பேரைக் குடிசையோடு வைத்து எரித்தார்கள்" என்று எழுதினால் எரித்தவனுக்கும் இலை விழுகிறது. வந்து உட்கார்ந்துதான் ஆக வேண்டும்.

1999 ஜூலை 23, தாமிரபரணி. மாஞ்சோலைத் தொழிலாளர்களுக்காக நெல்லை கலெக்டர் ஆபீசுக்கு ஊர்வலம் போனவர்கள் மீது போலீஸ் தடியடி நடத்தியது. குழந்தையோடு சேர்த்து 17 பேர் செத்தார்கள். அதை "ஆற்றில் மூழ்கி இறந்தனர்" என்று முடித்தால் குற்றவாளி ஆறுதான். லத்திக்கு இலையே இல்லை.

இந்த இடத்தில் தமிழ் நமக்குக் கைகொடுக்கிறது. ஆங்கிலத்தில் 'பர்ன்' என்பது எரிவதற்கும் எரிப்பதற்கும் ஒரே சொல். 'பிரேக்' உடைவதற்கும் உடைப்பதற்கும். 'ட்ரவுன்' மூழ்குவதற்கும் மூழ்கடிப்பதற்கும். தமிழில் எரிந்தது வேறு, எரித்தது வேறு. உடைந்தது வேறு, உடைத்தது வேறு. தன்வினை, பிறவினை என்று புலவர்கள் சொல்லிவிட்டுப் போவார்கள். நான் பிள்ளைகளுக்கு வேறு விதமாகச் சொல்வேன்: 'ந்'துக்கும் 'த்'துக்கும் நடுவில் ஒரு ஆள் ஒளிந்திருக்கிறான், அவனைப் பிடி.

ஆங்கிலத்துக்கும் ஒரு கறார் உண்டு. நேர்வாக்கியத்தில் எழுவாய் இல்லாமல் அது நகராது. மழை பெய்கிறது என்று சொல்லக்கூட 'இட்' என்று ஒரு பொம்மை எழுவாயைக் கொண்டுவந்து வைக்கும். தமிழில் "அடிச்சுப்புட்டாங்க" என்றால் போதும். யார் என்று கேட்டால்தான் தெரியும். அப்படிப்பட்ட ஆங்கிலத்திலேயே செய்தவனை ஒளிக்க வேண்டும் என்றால் மூன்று பொந்து இருக்கிறது. ஒன்று, ஓரிலை வினை: இறந்தார், மூழ்கினார், மோதல் வெடித்தது. இரண்டு, செயப்பாட்டு வினை: தாக்கப்பட்டார், மறுக்கப்பட்டது. மூன்று, வினையையே பெயராக்கிவிடுவது: அசம்பாவிதம் நிகழ்ந்தது, தகராறு ஏற்பட்டது.

நான் வங்கியில் குமாஸ்தா. 'பரிசீலிக்கப்படுகிறது', 'ஏற்பதற்கில்லை', 'தெரிவிக்கப்படுகிறது' என்ற பாஷையில்தான் என் பகல் பொழுது போகிறது. கடனை மறுத்தது எந்த மேசை என்று விண்ணப்பித்த ஆளுக்கு எந்தக் காலத்திலும் தெரியாது. ஆபீஸ் பாஷை என்பதே எழுவாயைத் தின்று வளர்ந்த பாஷை.

சட்டத்தையும் இந்தக் கண்ணோடு படிக்கலாம். அரசியல் சட்டத்தின் 17-வது பிரிவு தீண்டாமை ஒழிக்கப்பட்டது என்கிறது. அதைக் கடைப்பிடிப்பது தடை செய்யப்பட்டது என்கிறது. இரண்டும் செயப்பாட்டு வினை. யார் கடைப்பிடிக்கிறார், யாரிடம் கடைப்பிடிக்கிறார் என்று அதில் இல்லை. கொள்கையை அறிவிக்கிற இடத்தில் அது தப்பில்லை. தண்டிக்கிற இடத்துக்குப் போதாது. 1955-இல் வந்த தீண்டாமைக் குற்றச் சட்டத்தில் எழுவாய் வந்தது, ஆனால் 'எவரொருவர்' என்று மொட்டையாக வந்தது. 1989-இன் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில்தான் இரண்டு இலையிலும் ஆள் உட்கார்ந்தார்கள். எழுவாய்: பட்டியல் சாதியையோ பழங்குடியையோ சேராதவர். செயப்படுபொருள்: பட்டியல் சாதியினர் அல்லது பழங்குடியினர். நடுவில் வினைகளின் பட்டியல். 2016 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த திருத்தம் அந்தப் பட்டியலை இன்னும் நீட்டியது.

இப்போது நம் ஆட்கள் கொண்டுபோகும் மனுவைப் பாருங்கள். "கண்மாய்க்கரையில் தகராறு ஏற்பட்டு எனக்குக் காயம் ஏற்பட்டது." இரண்டு 'ஏற்பட்டது'. சட்டம் கேட்கிற எழுவாய் இல்லை, அவன் சாதி இல்லை, வினையே இல்லை. எழுதிக் கொடுத்தவர் பயந்து எழுதினாரோ, ஸ்டேஷனில் சொன்னபடி எழுதினாரோ, கேஸ் அங்கேயே படுத்துவிடுகிறது.

இன்னொன்று. எஸ்.வி.ஓ.ஏ. என்பதில் வரும் 'ஏ', அதாவது எங்கே, எப்போது, எப்படி என்பது, பெரும்பாலும் இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி என்று வகுப்பில் சொல்லித் தருகிறார்கள். நமக்கு அப்படியில்லை. சாதியைச் சொல்லி இழிவுபடுத்தும் குற்றத்துக்குப் பொதுப் பார்வைக்குட்பட்ட இடம் என்பது கட்டாயம். 2020-இல் ஹிதேஷ் வர்மா வழக்கில், நான்கு சுவருக்குள், வெளியார் யாரும் இல்லாதபோது பேசியதற்கு அந்தப் பிரிவு பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 'ஏ' போச்சுன்னா கேஸ் போச்சு. டீக்கடை வாசலா, பஸ் ஸ்டாண்டா, யார் யார் நின்றார்கள் என்று எழுத வேண்டும்.

எஸ்.வி.ஓ.சி. அமைப்புதான் எல்லாவற்றிலும் விசேஷம். 'கால்', 'நேம்', 'எலெக்ட்' ஆகிய வினைகள் அதில் வரும்: ஒருவர் இன்னொருவரை ஏதோ ஒன்றாக ஆக்குவார். வெள்ளைக்காரன் 1935 சட்டத்தில் நம்மைப் பட்டியல் சாதி என்றான். காந்தி நம்மை ஹரிஜன் என்றார். இரண்டிலும் நாம் செயப்படுபொருள். அதற்கு வெகு முன்பே அயோத்திதாசப் பண்டிதர் நம்மைப் பூர்வ பௌத்தர் என்று நம் வாயாலேயே சொல்ல வைத்தார். 1972-இல் பம்பாயில் எழுந்த தலித் பேந்தர்கள் தலித் என்ற பெயரை நாடறியச் செய்தார்கள். அங்கே எழுவாயும் நாம், செயப்படுபொருளும் நாம். இலக்கணத்தில் சின்ன இடமாற்றம், வரலாற்றில் அப்படியல்ல.

'எலெக்ட்' கதையும் நம் பக்கத்திலேயே உண்டு. பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், எங்கள் விருதுநகர் மாவட்டத்துக் கொட்டக்கச்சியேந்தல் ஆகிய நான்கு ஊராட்சிகளிலும் தலைவர் பதவி தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்ட பிறகும், 1996-இலிருந்து பத்து வருடம், ஊர் ஒருவரைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தது என்ற வாக்கியத்தை முடிக்க விடவில்லை. 2006 அக்டோபரில்தான் முடிந்தது. மேலவளவில் அந்த வாக்கியத்தை முடித்துக் காட்டிய முருகேசனை 1997 ஜூன் 30-இல் ஓடும் பஸ்ஸை மறித்து வெட்டிக் கொன்றார்கள்.

எல்லாச் செயப்பாட்டு வினையும் சதி என்று நான் சொல்லவில்லை. செய்தவனைத் தெரியாதபோது 'தாக்கப்பட்டார்' என்பது நேர்மையான சொல். செத்தவரை வாக்கியத்தின் தலையில் வைத்து மரியாதை செய்யவும் அது உதவும். தெரிந்திருந்தும் மறைக்கிறபோதுதான் அது குற்றத்துக்குக் கூட்டாளி. நம் சுவரொட்டிகளும் துண்டறிக்கைகளும்கூட 'படுகொலை செய்யப்பட்டார்' என்றே பழகிவிட்டன. இதை நாம் யோசிக்க வேண்டும்.

ஆங்கிலம் சாமியும் இல்லை, சனியனும் இல்லை. ஆணையத்துக்கும் கோர்ட்டுக்கும் போகிற காகிதம் அந்த பாஷையில் இருக்கிறவரை அது நமக்கு மம்பட்டி மாதிரி ஒரு கருவி. மாணவத் தோழர்கள் இந்த ஞாயிற்றுக்கிழமையே தொடங்கலாம். பத்து பழைய மனுக்களை எடுங்கள். ஒவ்வொரு வினைக்கும் கீழே கோடு போடுங்கள். யார், யாரை, யாருக்கு, எதை, எங்கே, யார் பார்க்க என்று கேளுங்கள். பெயர் தெரியாவிட்டால் 'பார்த்தால் அடையாளம் காட்டக்கூடிய நான்கு பேர்' என்று எழுதுங்கள், அதுவும் பெயர்த்தொடர்தான். அந்த இலையைக் காலியாக மட்டும் விடாதீர்கள்.