காலை மிதிக்காதே பார்ட்னர், சீட்டைப் பேச விடு

ஜவ்வாது மலைக்கு டூர் போய்ட்டு வந்த எந்த பேட்ச்சைக் கேட்டாலும் ரெண்டு விஷயம் சொல்லும்: பீமன் அருவி, அப்புறம் ராத்திரி ஆடின சீட்டு. ஜமுனாமரத்தூர் பக்கம் பல இடத்தில் போன்ல டவர் நிக்காது. சாப்பாடு முடிஞ்சதும் கட்டு வெளியே வரும். நாலு பேர், எதிரெதிரா ரெண்டு ஜோடி, இருபத்தெட்டு. ஒருத்தன் காதைச் சொறிஞ்சா கையில் ஜாக் இருக்கு. இருமினா துருப்பு ஆட்டின். பாய்க்கு அடியில் கால் கட்டை விரலை மிதிச்சா "இப்போ இறக்காதே". இதுக்கு நாம வச்சிருக்கிற பேர் 'கெமிஸ்ட்ரி'.

நான் இதைச் சோம்பேறித்தனம்னு சொல்வேன். ஏன்னா பேசாம, கண்ணடிக்காம, இறக்குற சீட்டை மட்டும் வச்சே பார்ட்னர்கிட்ட தகவல் சொல்ல முடியும். பிரிட்ஜ் ஆடுறவங்க நூறு வருஷமா அதைத்தான் செய்றாங்க.

சீட்டுன்னாலே சூதுன்னு வீட்டில் சொல்வாங்க. 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டியில் பிரிட்ஜுக்கும் பதக்கம் இருந்தது. ஆண்கள் ஜோடிப் பிரிவில் இந்தியாவின் பிரணாப் பர்தன், ஷிப்நாத் சர்க்கார் தங்கம் வாங்கினாங்க. ஒருத்தருக்கு 60 வயசு, இன்னொருத்தருக்கு 56. வீட்டில் பேச்சு வந்தா இதைச் சொல்லிப் பாருங்க.

பிரிட்ஜில் ஏலம் எடுத்தவர், அதாவது டிக்ளேரர், தன் கையோடு எதிரில் விரிச்சு வச்ச டம்மி கையையும் பார்த்து ஆடுவார். அவரைத் தடுக்கிற ரெண்டு பேரும் ஒருத்தர் சீட்டை ஒருத்தர் பார்க்க முடியாது. அதனால்தான் தடுப்பாட்டம் கஷ்டம், சிக்னலும் தேவைப்படுது. அடிப்படையில் மூணே வகை. பார்ட்னர் இறக்கின இனத்தில் பெரிய நம்பர் போட்டா "தொடர்ந்து ஆடு", சின்னது போட்டா "வேற பாரு". டிக்ளேரர் ஒரு இனத்தை ஆடும்போது முதலில் பெரியது, அடுத்து சின்னது போட்டா என்கிட்ட அந்த இனத்தில் இரட்டைப்படை; சின்னது முதலில் வந்தா ஒற்றைப்படை. மூணாவது, அடுத்து எந்த இனத்துக்கு மாறணும்னு காட்டுறது. 1930களில் அமெரிக்காவின் ஹை லாவிந்தால் பேரில் பரவின முறை இது.

எண்ணிக்கை சிக்னல் எவ்வளவு பெரிய விஷயம்னு ஒரு கணக்குப் போட்டுப் பாருங்க. துருப்பு இல்லாத ஆட்டம். டம்மியில் டைமன் கிங், குயின், ஜாக், 10, 9. வேற எந்த இனத்திலும் டம்மிக்குப் போக வழியில்லை. உங்க கையில் டைமன் ஏஸ், 6, 3. வெளியே மீதி அஞ்சு டைமன்: 8, 7, 5, 4, 2. டிக்ளேரர் டைமன் ஆட ஆரம்பிக்கிறார். ஏஸை எப்போ போடுவீங்க?

பார்ட்னர் முதலில் 8 போட்டு அடுத்து 2 போட்டா அவர்கிட்ட ரெண்டு, டிக்ளேரர்கிட்ட மூணு. மூணாவது சுற்று வரை பொறுத்தாத்தான் டிக்ளேரர் கையில் டைமன் தீரும், டம்மியில் மிச்சமிருக்கிற நல்ல சீட்டெல்லாம் அநாதையாகும். அவருக்குக் கிடைக்கிறது ரெண்டு பிடி. அவசரப்பட்டு ரெண்டாவது சுற்றிலேயே ஏஸைப் போட்டீங்கன்னா நாலு பிடி. மாறா, பார்ட்னர் 2 போட்டுத் தொடங்கினா அவர்கிட்ட மூணு, டிக்ளேரர்கிட்ட ரெண்டு. அப்போ ரெண்டாவது சுற்றிலேயே ஏஸ் விழணும், அவருக்கு ஒரே பிடி. பார்ட்னர் போட்ட அந்தச் சின்ன சீட்டுக்குப் பிடி ஜெயிக்கிற சக்தி கிடையாது. இருந்தும் ஆட்டம் அதில்தான் நிக்குது. காதைச் சொறியிறதில் இந்த சுகம் உண்டா, சொல்லுங்க.

ஈசிஈ பசங்களுக்குப் புரியிற மாதிரி சொன்னா, இது ஒரு பிராட்காஸ்ட் சேனல். ஒரு சீட்டுக்கு ஏறக்குறைய ஒரு பிட் தகவல், அதையும் எதிரி கேட்டுக்கிட்டே இருப்பான். பிரிட்ஜ் விதியே அப்படித்தான்: உங்க சிக்னலுக்கு என்ன அர்த்தம்னு எதிர் ஜோடி கேட்டா மறைக்காம சொல்லணும். ஏலமும் இறக்கின சீட்டும் தவிர வேற வழியில் முன்கூட்டியே பேசி வச்சுத் தகவல் அனுப்புறதுதான் விதிப்புத்தகத்தில் ஆகப் பெரிய குற்றம்.

அந்தக் குற்றத்தின் கதை நம்ம சென்னை வரைக்கும் வந்திருக்கு. 2015 செப்டம்பர் கடைசியில் உலக டீம் சாம்பியன்ஷிப், பெர்முடா பௌல், சென்னையில் தொடங்கியது. அதுக்குச் சில வாரம் முன்னாடி நார்வே வீரர் போயே புரோகெலாண்ட் சில பெரிய ஜோடிகள் மேல் வெளிப்படையா குற்றம் சாட்டினார். பழைய ஆட்ட வீடியோக்களை உலகம் முழுக்க ஆளுங்க உட்கார்ந்து அலசினாங்க. இஸ்ரேலின் ஃபிஷர், ஷ்வார்ட்ஸ் சீட்டுப் பலகையை வச்ச இடமே குறியீடுன்னு சொல்லப்பட்டது. மொனாக்கோவுக்கு ஆடின ஃபான்டோனி, நூனெஸ் விஷயத்தில், முதல் சீட்டை நிமிர்த்தி வச்சாங்களா படுக்க வச்சாங்களா என்பதுதான் குறியீடாம். இஸ்ரேல், மொனாக்கோ, ஜெர்மனி அணிகள் சென்னைக்கு வரவே இல்லை. போலந்து அணியில் ஒரு ஜோடிக்கு அனுமதி மறுக்கப்பட்டது. மீதி நாலு பேரும் ஆடினாங்க, கோப்பையும் அவங்களுக்கே.

அப்புறம் 2016இல் ஐரோப்பிய லீக் ரெண்டு ஜோடிக்கும் தடை போட்டது. ஃபான்டோனி, நூனெஸ் மேல் போட்ட தடையை, நிரூபணம் போதாதுன்னு விளையாட்டு நடுவர் நீதிமன்றம் 2018இல் நீக்கியது. இதைச் சொல்லாம விட்டா அநியாயம். ஆனா அந்தச் சந்தேகம் பழைய ஆட்டங்கள் மேலயும் படிஞ்சிடுச்சு. ஒருத்தர் அருமையா ஒரு இறக்கு இறக்கினா, யோசிச்சு இறக்கினாரா இல்லை யாராவது சொல்லிக் கொடுத்தாங்களான்னு கேள்வி வருது. நேர்மையா ஆடினவங்க மேலயும் அதே கேள்வி விழும். நம்ம காது சொறியிற ஆட்டத்திலும் அதுதான் நடக்குது. உண்மையிலேயே நல்லா ஆடுறவனுக்குப் பேர் கிடைக்கிறதில்லை.

(கால் மிதிக்கிறதும் புதுசு இல்லை. 1975 பெர்முடா பௌலில் ஒரு இத்தாலிய ஜோடி மேல் அதே புகார் எழுந்தது. மேசைக்கு அடியிலேயே தடுப்பு வச்சாங்க.)

இப்போ ஒரு புத்திசாலி கேட்பான்: "விதிக்குள்ளேயே என்கிரிப்ட் பண்ணலாமே?" கேட்டிருக்காங்க. 1980களில் பீட்டர் விங்க்ளர் என்ற கணித அறிஞர் இதைப் பத்தி எழுதினார். தடுக்கிற ரெண்டு பேருக்கும் தெரிஞ்ச, ஆனா டிக்ளேரருக்குத் தெரியாத ஏதோ ஒண்ணு ஆட்டத்தின் நடுவில் வெளிப்பட்டா, அதையே சாவியா வச்சு சிக்னலின் அர்த்தத்தைத் திருப்பிப் போடலாம். முறையை முழுசா எதிரிக்குச் சொன்னாலும் சாவி இல்லாம அவரால் படிக்க முடியாது. கிரிப்டோகிராஃபி பேப்பர் எழுதுற எல்லாரும் ஒரு தடவை யோசிச்சுப் பார்க்க வேண்டிய ஐடியா. இருந்தாலும் அமெரிக்க பிரிட்ஜ் சங்கம் உட்பட பலர் இதைத் தடை பண்ணிட்டாங்க. எனக்கு அந்தத் தடை சரின்னுதான் படுது. எதிரியும் படிக்கிறான்னு தெரிஞ்சேதான் எப்போ உண்மையைச் சொல்றது, எப்போ சும்மா இருக்கிறதுன்னு முடிவெடுக்கணும். அந்த முடிவை எடுத்துட்டா மிச்சம் வெறும் டிகோடிங்தான்.

ஹாஸ்டலில் பிரிட்ஜ் தொடங்கணும்னா செலவு ஒரு சீட்டுக்கட்டு. ஏலத்தைக் கத்துக்க நாளாகும், அதைப் பார்த்துப் பயந்து ஓடிடாதீங்க. முதல் வாரம் எண்ணிக்கை சிக்னல் மட்டும் போதும். இருபத்தெட்டே ஆடுறதா இருந்தாலும் சரி, உட்காருறதுக்கு முன்னாடி ரெண்டு ஜோடியும் தங்க சிக்னல் என்னன்னு ஒரு தாளில் எழுதி நடுவில் வச்சிடுங்க.