பத்திரிகையில் வராத மரணங்கள்



சென்ற ஆவணியில் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த முதியவர் ஒருவர், ஜோலார்பேட்டைக்குச் செல்லும் வழியில் ஆம்பூரில் நம் பங்கு இல்லத்தில் தங்கினார். அவர் கையில் ‘மெட்ராஸ் மெயில்’ நாளேட்டில் வந்த மரண அறிவிப்பு ஒன்றின் நகல் இருந்தது. ஜோலார்பேட்டையில் இரயில் ஓட்டுநராயிருந்த தம் பாட்டனார் இறந்த நாள், வயது, மனைவி பெயர் யாவும் நான்கே வரிகளில்! தாயகப் பத்திரிகைகளும் இதனை வெளியிட வேண்டும் என்ற குறிப்பு வேறு.

1868-இல் தொடங்கி 1981-இல் நின்றுபோன அந்த ஆங்கில ஏட்டில் பிறப்பு, மணம், இறப்பு அறிவிப்புகளுக்குத் தனியிடம் உண்டு. பெரும்பாலும் வெள்ளையர், ஆங்கிலோ-இந்தியர் இல்லத்துச் செய்திகள். இத்தகையவற்றைப் பெயர்வாரியாகத் திரட்டித் தரும் சங்கம் ஒன்று 1998 முதல் இங்கிலாந்தில் இயங்குகிறது. முதியவருக்கு உதவியது அதுவே.

அவர் விடைபெற்றபின் நம் கோயில் பிள்ளை தயங்கியபடி கேட்டார்: “சாமி, எங்க தாத்தா இராயப்பன் இங்க டேனரியில வேலை பார்த்து விஷக்காய்ச்சல்ல செத்தவரு. அவரு பேரு எந்தப் பேப்பர்ல வந்திருக்கும்?”

எனக்கு நா எழவில்லை. ஆவாரம்பட்டைத் தொட்டியில் தோல் புரட்டியவருக்கு யார் அறிவிப்புக் கொடுத்திருப்பர்? 1876 முதல் 1878 வரை வட ஆர்க்காட்டையும் வாட்டிய தாது வருடப் பஞ்சத்தில் மாண்டோர்கூட ஏடுகளில் எண்ணிக்கையாகத்தானே இடம்பெற்றனர்!

ஆயினும் மரித்தோர் பதிவேடு இருக்கிறது. 1614-இல் வெளியான உரோமைச் சடங்கு நூல் பங்குதோறும் அதனை எழுதிவரப் பணித்தது. (கல்லறைத் தோட்டத்திலும் சாதிக்கொரு மூலை ஒதுக்கிய ஊர்கள் உண்டு என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறேன்.)

இரண்டு மாலைகள் தேடியும் இராயப்பன் அகப்படவில்லை. பிறகே என் மந்தபுத்திக்கு எட்டியது: பழைய குருக்கள் இலத்தீனில் அல்லவா எழுதினர்! இராயப்பன் அங்கே பேத்ருஸ், சின்னப்பன் பவுலுஸ், அருளப்பன் யோவான்னெஸ், ஞானப்பிரகாசம் அலோய்சியுஸ். உங்களில் தேட விரும்புவோர் இதை நினைவிற்கொண்டு, முன்னோரின் ஊர் அன்று எந்தத் தாய்ப்பங்கின் கீழ் இருந்தது என்பதையும் விசாரித்து வாருங்கள். கிளைக் கிராமத்துச் சாவுகள் தாய்ப்பங்கின் ஏட்டில்தான் இருக்கும்.

1918 அக்டோபர். விஷக்காய்ச்சல் நாடெங்கும் பரவிய மாதம். பக்கம் முழுதும் நெருக்கி எழுதிய எழுத்து. அங்கே பேத்ருஸ் இருந்தார். ஊர், மனைவி பெயர் எல்லாம் பொருந்தின. ஆனால் அதற்கு ஆறு வரிகள் மேலே, நான்கு நாட்களுக்கு முன் தேதியிட்டு, இன்னொரு பெயர்: மரியா, அதே பேத்ருஸின் மகள், வயது இரண்டு.

வாசித்துச் சொன்னேன். எழுபது கடந்த அம்மனிதர் நெடுநேரம் அவ்வரியின்மேல் விரலை வைத்திருந்தார். “எங்கப்பாவுக்கு ஒரு அக்கா இருந்தாங்களா சாமி? அவரு ஒரு நாளும் சொல்லலையே.”

அவர் தந்தை அப்போது கைக்குழந்தை. அவருக்கே தெரிந்திருக்குமோ என்னவோ.

நவம்பர் 2-ஆம் நாள் திருப்பலிக்கான பெயர்ப்பட்டியலில் இவ்வாண்டு இருவரையும் சேர்த்திருக்கிறோம். அத்தையின் பெயருக்குப் பக்கத்தில் வயதையும் எழுதச் சொன்னார்.