எல்லை தாண்டிய குழந்தைக்கு யார் பொறுப்பு?

குழந்தையின் பெயரால் அரசு ஒரு தொகை கொடுக்கிறது என்றால், பாலுக்கும் பள்ளிக்கும் மருந்துக்கும் ஆகும் செலவில் ஒரு பங்கைச் சமுதாயம் ஏற்றுக்கொள்கிறது என்று பொருள். இந்தச் செலவு விழுப்புரத்திலும் உண்டு, தாராவியிலும் உண்டு. ஆனால் மனுவை நீட்டியதும் முதலில் கேட்பது குடியிருப்புச் சான்று. பிழைப்புக்காக மாநிலம் விட்டு மாநிலம் வந்த நம் குடும்பங்கள் அந்த ஒரு காகிதத்துக்காகவே இரண்டு பக்கமும் தோற்றுப்போகின்றன.

முதலில் தாய் மாநிலத்தைப் பார்ப்போம். 1992-இல் தமிழ்நாட்டில் பெண் குழந்தை பாதுகாப்புத் திட்டம் வந்தது. குழந்தையின் பெயரில் அரசே வைப்புத்தொகை போட்டு, வயது வந்ததும் முதிர்வுத் தொகையைக் கொடுக்கும் நல்ல திட்டம். மனுச் செய்யும்போது பெற்றோர் 10 ஆண்டுகள் தமிழ்நாட்டில் குடியிருந்திருக்க வேண்டும் என்பது அதன் விதிகளில் ஒன்று. 2022-இல் புதுமைப் பெண் திட்டம் வந்தது. கல்லூரி மாணவிக்கு மாதம் 1,000 ரூபாய். அவள் 6 முதல் 12-ஆம் வகுப்பு வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்றார்கள். பிறகு அரசு உதவி பெறும் தமிழ்வழிப் பள்ளிகளையும் சேர்த்தார்கள். மும்பை மாநகராட்சியின் தமிழ்ப் பள்ளியில் தமிழிலேயே படித்த கூலித் தொழிலாளியின் மகள், ஊர் திரும்பிக் கல்லூரியில் சேர்ந்தாலும் இந்தக் கணக்கில் வரமாட்டாள்.

வந்து சேர்ந்த மாநிலம் மட்டும் என்ன செய்தது? 2023-இல் மகாராஷ்டிர அரசு 'லேக் லாட்கி' திட்டத்தை அறிவித்தது. பெண் குழந்தை பிறந்ததும் 5,000 ரூபாய், 1-ஆம் வகுப்பில் 6,000, 6-ஆம் வகுப்பில் 7,000, 11-ஆம் வகுப்பில் 8,000, 18 வயது நிறைந்ததும் 75,000. ஆக மொத்தம் 1,01,000 ரூபாய். ஆனால் குடும்பம் மகாராஷ்டிரத்தைச் சேர்ந்ததாக இருக்க வேண்டும்; மஞ்சள் அல்லது ஆரஞ்சு ரேஷன் கார்டு இருக்க வேண்டும். நம்மில் பலருக்குக் கார்டு ஊரில் பாட்டியின் பெயரோடு இருக்கிறது. இங்கே கார்டு வாங்க வேண்டுமானால் அங்கே பெயரை நீக்க வேண்டும். நீக்கினால் ஊரில் இருந்ததும் போகும். இங்கே கிடைக்கும் என்பதற்கும் உறுதி இல்லை.

"எங்கள் மாநிலப் பணம் எங்கள் மக்களுக்கு" என்று இரண்டு அரசுகளும் சொல்லும். இந்த வாதத்தை வீண் பேச்சென்று தள்ளிவிட முடியாது. ஒரே குழந்தைக்கு இரண்டு இடத்தில் பணம் போவதைத் தடுக்க ஏதோ ஒரு விதி தேவைதான். ஆனால் 'எங்கள் மக்கள்' யார்? இங்கே கட்டடம் கட்டுகிறவன், இங்கே வாங்கும் சோப்புக்கும் செருப்புக்கும் ஜி.எஸ்.டி. கொடுக்கிறவன் யாருடைய ஆள்? நாட்டின் எந்தப் பகுதியிலும் குடியிருக்கும் உரிமையை அரசியல் சட்டத்தின் 19-ஆவது பிரிவு கொடுக்கிறது. பிறந்த இடத்தைக் காட்டி வேற்றுமை பாராட்டக் கூடாது என்கிறது 15-ஆவது பிரிவு. ஆனால் பிறந்த இடம் வேறு, குடியிருக்கும் இடம் வேறு என்று 1955-இல் மத்திய பாரத மருத்துவக் கல்லூரிக் கட்டண வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. குடியிருப்பு விதிகள் அந்த இடைவெளியில்தான் நிற்கின்றன.

இந்தச் சிக்கல் நமக்கு மட்டும் வந்ததன்று. உழைப்பு ஒரு நாட்டிலும் பிள்ளைகள் வேறு நாட்டிலுமாக வாழும் தொழிலாளர்கள் ஐரோப்பாவில் ஏராளம். பிரான்சில் வேலை செய்த பின்னா என்ற இத்தாலியத் தொழிலாளியின் பிள்ளைகள் இத்தாலியில் இருந்த காலத்துக்குப் பிரெஞ்சுக் குடும்பப் படி மறுக்கப்பட்டது. அவர் வழக்காடினார். பிள்ளைகள் வசிக்கும் நாட்டைக் காட்டிப் படியை மறுக்க இடம் கொடுத்த விதி செல்லாது என்று 1986 ஜனவரியில் ஐரோப்பிய நீதிமன்றம் சொன்னது.

அதன் பிறகும் முதலாளித்துவ அரசுகள் விட்டுவிடவில்லை. 2019 ஜனவரி முதல் ஆஸ்திரியா, பிள்ளைகள் வசிக்கும் நாட்டின் விலைவாசிக்கு ஏற்பப் படியைக் கூட்டிக் குறைத்தது. ஆஸ்திரியாவின் முதியோரைப் பராமரிக்க வந்த ஸ்லோவாக்கியா, ருமேனியா நாட்டுப் பெண்களுக்குப் படி குறைந்தது. வரியும் சந்தாவும் முழுதாக வாங்கிக்கொண்டு படியை மட்டும் குறைப்பது சட்டவிரோதம் என்று 2022 ஜூன் 16 அன்று அதே நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உழைப்பவன் கொடுக்கும் பங்கு சமம் என்றால் அவன் பிள்ளைக்குக் கிடைப்பதும் சமமாக இருக்க வேண்டும் என்பதே தீர்ப்பின் சாரம்.

இதைப் படித்துவிட்டு அயல்நாடே சொர்க்கம் என்று நினைக்க வேண்டாம். இந்தப் பாதுகாப்பு ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் இடம் பெயர்கிறவர்களுக்கு ஏற்பட்டது. பிரிட்டனுக்கு வேலை விசாவில் போகும் நம் நர்சுகளின் விசாவில், அரசு உதவித்தொகை எதையும் கோரக் கூடாது என்ற நிபந்தனை இருக்கிறது. வரி கட்டலாம், குழந்தைப் படி கேட்க முடியாது.

இந்தியாவில் இது நடக்காத காரியமா? மத்திய அரசு ஊழியர்களின் பிள்ளைகளுக்குக் கல்விப் படி உண்டு. 2024 ஜனவரியில் அது பிள்ளைக்கு மாதம் 2,812 ரூபாய் 50 காசாக உயர்ந்தது. இரண்டு பிள்ளைகள் வரை கிடைக்கும். ரயில்வே அலுவலகத்தில் இந்த மனுக்களை நாமே எழுதிக் கொடுத்திருக்கிறோம். மும்பையில் வேலை பார்ப்பவரின் பையன் திருநெல்வேலியில் படித்தாலும், அங்கீகரிக்கப்பட்ட பள்ளியாக இருந்தால் போதும், டொமிசைல் கேட்பதில்லை. படி வேலையோடு போகிறது, பள்ளியோடு போகிறது. குமாஸ்தாவின் பிள்ளைக்குச் செல்லுபடியாகும் இந்த நியாயம், சித்தாளின் பிள்ளைக்கு மட்டும் ஏன் செல்லாது?

சித்தாளுக்கும் சட்டம் இருக்கிறது. 1996-ஆம் ஆண்டுச் சட்டங்களின்படி கட்டடச் செலவில் 1 சதவீதத்தை வரியாக வசூலித்து, மாநில நல வாரியத்தில் சேர்த்தார்கள். பதிவு பெற்ற தொழிலாளியின் பிள்ளைகளுக்குக் கல்வி உதவி கொடுப்பதும் வாரியத்தின் வேலை. 18 முதல் 60 வயதுக்குள் இருந்து, முந்திய 12 மாதங்களில் 90 நாட்கள் வேலை செய்திருந்தால் பதிவு செய்யலாம். எந்த மாநிலத்தான் என்று அந்தச் சட்டம் கேட்கவில்லை. 2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அவற்றின் இடத்துக்கு வந்தன. அந்த 90 நாள் விதி தொடர்கிறது. கட்டடத் தொழிலாளி மாநிலம் மாறினால் நலப் பயனும் கூடவே போவதற்கு அரசு திட்டம் வகுக்க வேண்டும் என்ற வாசகமும் அதில் உண்டு. அந்த வாசகம் பிள்ளைகளின் கைக்குப் பணமாக வந்தாக வேண்டும்.

உறுப்பினர்கள் இன்றே செய்யக்கூடியவை சில உண்டு. குழந்தை எங்கே பிறந்ததோ அங்கேயே 21 நாட்களுக்குள் பிறப்பைப் பதிவு செய்யுங்கள், கட்டணம் இல்லை. நாகாவில் நின்று வேலைக்குப் போகிறவர்கள் மேஸ்திரி, கம்பெனி, வேலை நாட்கள் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி வைத்து, 90 நாள் சான்றைக் கேட்டு வாங்குங்கள். மாற்றுச் சான்றிதழ் வரவில்லை என்று 6 முதல் 14 வயதுப் பிள்ளைக்குப் பள்ளியில் இடம் மறுக்க முடியாது என்பது 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம். மறுத்தால் சங்கத்துக்குச் சொல்லுங்கள். ஊர்க் கார்டில் அவசரப்பட்டுப் பெயரை நீக்க வேண்டாம். தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் உள்ள கார்டானால், 2022 ஜூன் முதல் நாட்டின் எந்த ரேஷன் கடையிலும் அதைக் காட்டித் தானியம் வாங்கலாம்.

அரிசி எல்லை தாண்டி வர முடிகிறது என்றால் பிள்ளைகளின் உதவித்தொகையும் வர முடியும். எனவே இரண்டு அரசுகளிடமும் நாம் கேட்பது இதுதான். தமிழ்நாடு அரசு, வெளிமாநில அரசுப் பள்ளிகளிலும் மாநகராட்சிப் பள்ளிகளிலும் படித்த தமிழகத் தொழிலாளரின் பிள்ளைகளைத் தன் கல்வி உதவித் திட்டங்களில் சேர்க்க வேண்டும். மகாராஷ்டிர அரசு, ரேஷன் கார்டின் நிறத்தைப் பார்ப்பதற்குப் பதிலாக இங்கே செய்த வேலைக்கான சான்றை ஏற்க வேண்டும். ஒரே பிள்ளைக்கு இரு முறை பணம் போகாமல் இரு அரசுகளும் பதிவேட்டை ஒப்பிட்டுக்கொள்ளட்டும். அதை நாம் எதிர்க்கவில்லை. இரண்டு இடத்தில் வாங்க நாம் ஆசைப்படவில்லை. ஒரு இடத்திலாவது கிடைக்க வேண்டும் என்கிறோம். இந்தக் கோரிக்கை மனுவில் ஒவ்வொரு வட்டாரக் கிளையும் தாய்மார்களின் கையெழுத்தை வாங்கி அனுப்புக!