சுமையே பெருமையோ?

திருச்சிராப்பள்ளிக்குப் புறப்படும் விமானத்திற்காகக் கோலாலம்பூர் அனைத்துலக விமான நிலையத்தின் இரண்டாம் முனையத்தில் நிற்கும் வரிசையைச் சற்றே உற்று நோக்குக. கயிற்றால் குறுக்கும் நெடுக்குமாக வரிந்து கட்டிய அட்டைப்பெட்டிகள். வாய் மூட மறுக்கும் பைகள். எடைப்பலகையில் எண் ஏறியதும் ஒரு குடும்பம் வரிசையை விட்டு விலகித் தரையில் அமர்கிறது. ஊரார் கண்ணெதிரே பெட்டி திறக்கப்படுகிறது. மைலோ பொட்டலம் மகளின் கைப்பைக்கு மாறுகிறது; கோடாலித் தைலம் தந்தையின் சட்டைப்பையில் புகுகிறது. அப்படியும் எடை குறையவில்லை. இறுதியில், பொருள்களின் விலையை விஞ்சும் கூடுதல் கட்டணம் கைமாறுகிறது. இக்காட்சியைக் கண்டு நகைப்பது எளிது. இதன் வேர் எங்கே என்று ஆராய்வதன்றோ கடமை?

வேர் ஆழமானது. புக்கிட் பெருந்துங் வட்டாரத்திலும், மேற்கே கோல சிலாங்கூர் வரை பரந்து கிடந்த தோட்டங்களிலும் உழைத்த தமிழர்க்குத் தாயகப் பயணம் என்பது வாழ்நாளில் ஓரிரு முறை வாய்க்கும் பேறாக இருந்தது. 1926இல் கட்டப்பெற்ற ரஜூலாக் கப்பலும், 1970களில் அதன் இடத்தை ஏற்ற எம்.வி. சிதம்பரமும் அவர்களைச் சுமந்தன. கடலில் ஏறத்தாழ ஒரு வாரம். கப்பலின் வயிற்றிலோ தகரப்பெட்டிகளுக்குப் பஞ்சமில்லை. அயல்நாட்டுப் பொருள்கள் இந்தியக் கடைகளில் அரிதாக இருந்த காலம் அது. ஒரு குடையும் ஒரு துவாலையும் சிற்றூரில் செல்வமாக மதிக்கப்பட்டன. ஆகவே அன்று பெட்டியை நிறைத்தவர் அறிவோடுதான் நிறைத்தார்.

இன்றோ காரணம் மறைந்தது. பழக்கம் மட்டும் எஞ்சி நிற்கிறது. கப்பல் போக்குவரத்து 1980களோடு முடிந்தது. 1991இல் இந்தியா தன் பொருளாதாரக் கதவுகளைத் திறந்தபின் உலகச் சந்தை திருச்சிக் கடைவீதிக்கே வந்து சேர்ந்தது. 2008இன் இறுதியில் மலிவுக் கட்டண விமானமும் கோலாலம்பூரையும் திருச்சியையும் இணைத்தது. ஒரு வாரப் பயணம் ஏறத்தாழ நான்கு மணி நேரமாகச் சுருங்கியது. பயணம் சுருங்கியும் பெட்டி சுருங்கவில்லை! திரும்பும் வழியிலும் இதே கதைதான். பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் மஸ்ஜித் இந்தியா சாலையிலும் தொங்கும் சேலைகளை ஆயிரக்கணக்கான கல் தொலைவிலிருந்து தோள் நோகச் சுமந்து வருவதில் என்ன ஊதியம்?

உண்மையைச் சொல்வதானால், பெட்டிக்குள் அடைபடுவது பொருளன்று, அச்சம். மலேசியாவிலிருந்து வருபவர் செல்வர் என்ற நம்பிக்கை தாயகத்தில் உண்டு. பால்மரத்தடியில் விடியுமுன் எழுந்து கத்தி பிடித்த வாழ்வையும், தோட்டம் கைமாறியபோது வீடின்றித் தவித்த நாள்களையும் உறவினரிடம் எடுத்துரைக்க நாணும் உள்ளம், பெட்டியைத் திரையாக்குகிறது. அதற்காகக் கூட்டுப்பணத்தை முன்கூட்டியே எடுப்பவரும், நகையை அடகு வைப்பவரும் இருக்கின்றனர். பத்து நாள் மதிப்பிற்காகப் பத்து மாதக் கடன்! அது பெருமையாகுமோ?

புக்கிட் பெருந்துங்கிலிருந்து விமான நிலையம் ஏறத்தாழ நூறு கிலோமீட்டர். கைப்பை ஒன்றோடு புறப்படுபவர் ராசாவிலோ செரண்டாவிலோ கொமுட்டர் தொடர்வண்டி ஏறி, கே.எல். சென்ட்ரலில் மாறி, வேறொருவர் துணையின்றி நிலையத்தை அடையலாம். மூன்று பெட்டி கொண்டவர்க்கு வாடகை வேன் வேண்டும். தூக்கிவிட ஆள் வேண்டும். முதுகுவலிக்கு மருந்தும் வேண்டும். இறங்கிய இடத்திலும் முன்னவர் சுழற்பட்டையருகே காத்திராமல் வெளியேறிப் பேருந்தில் அமர்ந்துவிடுகிறார். பின்னவர் பெட்டியை எதிர்நோக்கி நிற்கிறார். விமானத்திற்கும் சுமை சுமையே. கூட்டப்படும் ஒவ்வொரு கிலோவும் எரிபொருளைத் தின்கிறது. எடைக்கு விலை கேட்பதன் காரணங்களுள் அதுவும் ஒன்று.

பெட்டி தொலைந்தாலோ? 1999ஆம் ஆண்டின் மொன்ட்ரியல் உடன்படிக்கையை மலேசியாவும் இந்தியாவும் ஏற்றுள்ளன. அதன்படி இழப்பீட்டிற்கு வரம்பு உண்டு. மதிப்பை முன்னரே அறிவித்து, கேட்கும் கூடுதல் கட்டணத்தையும் செலுத்தியிருந்தாலன்றி அவ்வரம்பிற்கு மேல் பெறுவது அரிது. பெட்டி சிதைந்திருந்தால் 7 நாள்களுக்குள்ளும், தாமதித்து வந்தால் கைக்குக் கிடைத்த நாளிலிருந்து 21 நாள்களுக்குள்ளும் எழுத்துமூலம் முறையிட வேண்டும். உறவினர் வீட்டுத் திண்ணையில் விருந்துண்டு அமர்ந்திருப்பவருள் எத்தனை பேர் இதனை அறிவர்?

இதனினும் கொடிய இடர் ஒன்று உண்டு. பெரிய பெட்டி பிறர் பொட்டலத்தை அழைக்கிறது. "இடம் இருக்கிறதே, இதையும் வைத்துக்கொள்ளுங்கள் அண்ணே" என்று அரைகுறையாக அறிந்தவர் நீட்டுவதை மறுக்க நாக்கு எழுவதில்லை. மலேசியாவின் 1952ஆம் ஆண்டு அபாயகரமான போதைப்பொருள் சட்டமோ, தம் வசமுள்ள பொருளுக்குள் போதைப்பொருள் இருந்தால், அதனை அறிந்தே வைத்திருந்தார் என்று எதிர்மாறாக மெய்ப்பிக்கப்படும் வரை அனுமானிக்கிறது. கடத்தலுக்குக் கட்டாய மரண தண்டனை 2023இல் நீக்கப்பட்டதேயன்றி, மரண தண்டனை அடியோடு ஒழிந்துவிடவில்லை. இடமில்லாப் பையே இங்கு உயிர்க்காப்பு. "ஒரு பைதான் கொண்டு போகிறேன்" என்பது நட்பு முறியாமல் மறுக்கும் நாகரிகச் சொல்லுமாகும்.

"வெறுங்கையோடு போவதா? அத்தை என்ன நினைப்பார்?" என்ற வினா எழும். அதனைப் புறந்தள்ளுவதற்கில்லை. கொடுத்து மகிழ்வது தமிழர் பண்பு. அதனை விடச் சொல்பவர் எவருமிலர். கொடுப்பதைச் சுமந்துதான் கொடுக்க வேண்டும் என்ற விதி எங்குள்ளது? அத்தையை அழைத்துக்கொண்டு திருச்சிக் கடைவீதிக்குச் சென்று அவர் விரும்பும் சேலையை எடுத்துத் தரலாம். அது அவர் உடலுக்கும் கண்ணுக்கும் பொருந்தும். பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்திலோ மாமாவின் கண் சிகிச்சையிலோ பங்கேற்கலாம். இறந்த பாட்டனின் பழைய புகைப்படத்தைப் படியெடுத்துக் கொண்டுபோய்க் கொடுத்தால் அதன் எடை சில கிராம். அது தரும் கண்ணீருக்கு எடையே இல்லை.

மலிவுக் கட்டண நிறுவனங்கள் பலவும் 7 கிலோ கைப்பையை அனுமதிக்கின்றன. மூன்று மாற்றுடை, ஒரு வேட்டியோ சேலையோ, மருந்துச் சீட்டோடு மருந்து, கடப்பிதழ் ஆகியன அதற்குள் அடங்கும். திருச்சி வெயிலில் துவைத்த துணி உலர நெடுநேரமாகாது.

முன்னோர் தாயகம் விட்டுக் கப்பல் ஏறியபோது அவர்தம் கையில் இருந்தது பெரும்பாலும் ஒரு துணிமூட்டையே. அதனோடு வந்துதான் காட்டைத் தோட்டமாக்கினர். அவர்தம் வழித்தோன்றல்கள் ஒரு பையோடு அவ்வூருக்குத் திரும்புவதில் நாணுவதற்கு ஒன்றுமில்லை. உறவினர் காத்திருப்பது பெட்டிக்காக என்றால், அவ்வுறவு எத்தனை கிலோ கொண்டு சென்றாலும் நிறையாது. மனிதருக்காக என்றால், அணைத்துக்கொள்ள இரு கைகளும் ஒழிந்திருத்தல் வேண்டும்.