கரும்புகை: கண்டுபிடித்த பிறகே கை வைக்க வேண்டும்!

கையில் இருந்த பணத்தைக் கொட்டி எஞ்சினைப் புதுப்பித்தாயிற்று. பெரிய பிஸ்டன் போட்டாயிற்று. வண்டி வீடு வந்து சேருகிறது. ஆனால் பின்னால் பார்த்தால் கரும்புகை! பக்கத்தில் நின்றால் பெட்ரோல் நாற்றம்! போட்ட பெட்ரோல் போன இடம் தெரியவில்லை.

குற்றம் எங்கே? பிஸ்டனிலா? கார்புரேட்டரிலா? பிளக்கிலா?

விடை தெரிவதற்கு முன்பே ஒவ்வொரு சாமானாக மாற்றத் தொடங்குகிறார்கள். அதுதான் பெரிய தவறு. புகை நிற்பதற்கு முன்பே பணப்பை காலியாகிறது!

வேகத்தில் ஆசை

வாலாஜாபாத் நெசவுக்குப் பேர் பெற்ற ஊர். ஆனால் வண்டலூரிலிருந்து அந்த ஊருக்கு வரும் சாலையில் இன்று மோட்டார் தொழிலும் இருக்கிறது. 1955-ல் சென்னையில் தொடங்கிய புல்லட் தயாரிப்பு, 2013-ல் அந்தச் சாலையிலுள்ள ஒரகடத்துக்கும் வந்தது. ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் மோட்டார் பந்தயத் திடலே இருக்கிறது. இந்த வட்டாரத்து இளைஞர்களுக்கு வேகத்தில் ஆசை பிறப்பது இயற்கைதானே!

ஆசை தவறல்ல. அரைகுறை வேலைதான் தவறு.

புகையின் நிறம் என்ன?

பெட்ரோல் தனியாக எரியாது. காற்றோடு கலந்துதான் எரியும். 1 கிலோ பெட்ரோல் சரியாக எரிய ஏறக்குறைய 15 கிலோ காற்று வேண்டும். காற்று குறைந்து பெட்ரோல் மிகுந்தால், எரியாமல் மிஞ்சுவது கரியாகிறது. அதுவே கரும்புகை.

நீலப் புகை வேறு. அது எஞ்சின் ஆயில் எரிவதன் அடையாளம். புதிய பிஸ்டன் வளையங்கள் சிலிண்டரோடு பழகும் வரை கொஞ்சம் நீலப் புகை வரக்கூடும். அதைக் கண்டு பயந்து கார்புரேட்டரைத் திருகக்கூடாது.

பிளக்கைக் கழற்றிப் பார்த்தாலும் உண்மை தெரியும். காய்ந்த கறுப்புக் கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம். கறுப்பாக எண்ணெய்ப் பசையோடு இருந்தால் ஆயில் ஏறுகிறது. இளம் பழுப்பு நிறமாக இருந்தால் கலவை சரி.

எப்போது புகைகிறது?

கெட்டிக்கார மெக்கானிக் ஸ்பானரை எடுப்பதற்கு முன்பு இந்தக் கேள்வியைத்தான் கேட்பார்.

வண்டி நின்றபடி ஓடும்போது மட்டும் புகைந்தால், சிறிய ஜெட்டையும் அதன் திருகையும் பார்க்க வேண்டும். பாதி வேகத்தில் புகைந்தால் ஜெட் ஊசி உயர்ந்திருக்கலாம். ஆக்ஸிலேட்டரை முழுக்கத் திருகும்போது புகைந்தால் மெயின் ஜெட் பெரிதாக இருக்கலாம். பெரிய பிஸ்டன் போட்டவுடன், கணக்குப் பார்க்காமல் பெரிய ஜெட்டையும் மாட்டிவிடுவது உண்டு. ஜெட்டின் மேலேயே எண் பொறித்திருக்கும். பழைய எண் என்ன, புதிய எண் என்ன என்று எழுதி வைத்தால் பாதிச் சண்டை தீரும்.

எல்லா வேகத்திலும் புகைகிறதா? அப்படியானால் சோக் முழுவதும் திரும்பியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். காற்று வடிகட்டி அடைத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இவை இரண்டும் காசில்லாத சோதனைகள்!

அடுத்தது கார்புரேட்டரின் மிதவை. மாடித் தொட்டியில் தண்ணீர் நிரம்பியதும் பந்து மிதந்து குழாயை அடைப்பதைப் பலரும் பார்த்திருப்பார்கள். கார்புரேட்டரிலும் அதே வேலைதான் நடக்கிறது. மிதவை ஓட்டையானாலும், அதன் ஊசியில் தூசி சிக்கினாலும் பெட்ரோல் அளவுக்கு மேல் ஏறிவிடும்.

தீப்பொறி பலவீனமாக இருந்தாலும் பெட்ரோல் எரியாமல் போகும். ஆகவே ஜெட்டைக் குறை சொல்வதற்கு முன்பு தீப்பொறியையும் வால்வு இடைவெளியையும் சோதிப்பது நல்லது.

2020 ஏப்ரல் முதல் புது வண்டிகளுக்கு பி.எஸ். 6 விதி வந்தது. அவற்றில் பெரும்பாலானவற்றில் கார்புரேட்டருக்குப் பதில், பெட்ரோலை அளந்து பீச்சும் கருவி இருக்கிறது. அங்கே சென்சாரைச் சோதிக்க வேண்டும். சைலென்சர் குழாய் இணைப்பில் வெளிக்காற்று புகுந்தால்கூட, சென்சார் ஏமாந்து பெட்ரோலைக் கூட்டச் சொல்லும்!

யாருக்கு நஷ்டம்?

'பெட்ரோல் கொஞ்சம் அதிகமாகப் போனால் எஞ்சினுக்குக் குளிர்ச்சிதானே' என்று சொல்வோர் உண்டு. அதில் ஓரளவு உண்மை இருக்கிறது. பெட்ரோல் மிகக் குறைந்தால் சூடேறி பிஸ்டன் கெட்டுவிடும். ஆனால் 'கொஞ்சம்' என்பது வேறு, கரும்புகை என்பது வேறு.

எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரில் உள்ள ஆயிலைக் கழுவிவிடும். மிச்சம் கீழே இறங்கி எஞ்சின் ஆயிலை நீர்க்கச் செய்யும். புதிய வளையங்கள் ஒழுங்காகப் பொருந்தாது. செலவழித்துச் செய்த வேலை சில மாதங்களிலேயே பாழ்! ஆயிலை முகர்ந்து பார்த்துப் பெட்ரோல் வாடை அடித்தால் உடனே மாற்ற வேண்டும். குற்றத்தையும் நீக்க வேண்டும்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. இப்படி ஓடும் எஞ்சினில் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு மிகுதியாக உண்டாகிறது. அதற்கு நிறமில்லை. வாசனையும் இல்லை. ஆளையே கொல்லும்! தறியும் குடும்பமும் ஒரே கூரையின் கீழ் இருக்கும் வீடுகளில், வண்டியை நடையில் நிறுத்தி எஞ்சினை ஓடவிடவே கூடாது. வெட்டவெளியில்தான் சோதனை செய்ய வேண்டும்.

தறி சொல்லும் பாடம்

தறியில் ஓர் இழை அறுந்தால் நெசவாளி முழுப் பாவையும் அறுத்து எறிவதில்லை. அறுந்த இழை எது என்று தேடிப் பிடிக்கிறார். அதை மட்டும் முடிந்துவிட்டு, மறுபடி நெய்கிறார்.

எஞ்சினுக்கும் அதே வழிதான். ஒரு தடவைக்கு ஒரு மாற்றம். மாற்றியதும் ஒரு சோதனை ஓட்டம். நான்கு சாமான்களை ஒன்றாக மாற்றினால், எது நோய், எது மருந்து என்று யாருக்கும் தெரியாது.

வண்டிக்காரருக்கும் கடமை இருக்கிறது. என்ன என்ன மாற்றப்பட்டது என்பதை ஒளிக்காமல் மெக்கானிக்கிடம் சொல்ல வேண்டும். 'சாமானே போடவில்லையே, எதற்குக் கூலி?' என்று கேட்கக் கூடாது. குற்றத்தைக் கண்டுபிடிப்பதும் வேலைதான். ஒரு மணி நேரம் செலவிட்டுப் பழுதைக் கண்டவருக்குக் கூலி கொடுக்க மறுத்தால், அடுத்த முறை அவர் சாமானை மாற்றித்தான் சம்பாதிப்பார்!

பிஸ்டனைப் பூட்டியதோடு எஞ்சின் வேலை முடிவதில்லை. புகை நின்று, பிளக் பழுப்பு நிறம் காட்டும் நாளில்தான் அது முடிகிறது. அதுவரை வேகத்தைக் குறைத்து, பொறுமையைக் கூட்டுவதே லாபம்.