பிறந்த வீடு போனால் பிறந்த ஊரும் போச்சா?

பெண்ணுக்குப் பிறந்த வீடு என்பது அப்பா, அம்மா இருக்கும் வரைதான் என்று சொல்வார்கள். சரி, அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வீட்டோடு சேர்த்து ஊரையும் நம்மிடமிருந்து பிடுங்கிக்கொள்கிறார்களே, அது என்ன நியாயம் சகோதரிகளே?

எனக்குத் தஞ்சாவூர். மேல வீதிப் பக்கம் ஒரு சந்தில் எங்கள் வீடு இருந்தது. கல்யாணமாகிச் சென்னைக்கு வந்து முப்பத்தாறு வருஷம் ஆகிறது. பெற்றவர்கள் போன பிறகு வீட்டை விற்றாகிவிட்டது. அதில் எனக்கு யார் மேலும் வருத்தமில்லை. ஆளுக்கொரு ஊரில் இருந்துகொண்டு பூட்டின வீட்டை யார் பார்ப்பது? ஆனால் அதற்கப்புறம் தஞ்சாவூர் போக ஒரு கல்யாணமோ, காதுகுத்தோ, காரியமோ வேண்டியிருந்தது. மண்டபத்தில் இறங்கி, சாப்பிட்டு, மொய் எழுதி, ராத்திரி ரயிலேறி வந்துவிடுவோம். ஊரைப் பார்த்தது எங்கே?

போன மாசியில், "மூணு நாள் தஞ்சாவூர் போயிட்டு வரேன், சும்மாதான்" என்று வீட்டில் சொன்னேன். என் வீட்டுக்காரர், "மாத்திரையை மறக்காம எடுத்துக்கோ" என்றதோடு சரி. உறவுக்காரர்கள்தான் விடவில்லை. "அங்கே யாரு இருக்கா, எதுக்குப் போறே?" என்றார் நாத்தனார். அங்கேயே இருக்கும் என் சித்தி மகளோ, "நாங்க இருக்கும்போது நீ லாட்ஜுல தங்கினா நாலு பேர் எங்களை என்ன நினைப்பாங்க?" என்று போனிலேயே கண் கலங்கிவிட்டாள்.

ஆண்கள் "ஊருக்குப் போயிட்டு வரேன்" என்று பையைத் தூக்கினால் யாராவது காரணம் கேட்கிறோமா? கோயில் திருவிழா, பழைய சிநேகிதர்கள், டீக்கடை பெஞ்சு என்று நாலு நாள் இருந்துவிட்டு வருவார்கள். அதற்குப் பெயர் ஊர்ப்பாசம். நாம் போனால் மட்டும், "வீட்டில் ஏதாவது சண்டையா?" என்று விசாரிக்கிறார்கள்!

சித்தி மகளின் பாசத்தில் குறையே இல்லை. ஆனால் அவள் வீட்டில் தங்கினால் என்ன நடக்கும்? அவள் தோசை வார்ப்பாள், நான் சட்னி அரைப்பேன். அவள் காய் நறுக்க, நான் பாத்திரம் தேய்ப்பேன். சென்னையில் செய்வதைத் தஞ்சாவூரில் செய்துவிட்டு வருவதற்கா ரயில் டிக்கெட்? ஒரு மத்தியானம் அவள் வீட்டுக்குச் சாப்பிடப் போனேன், அவளும் சமாதானமாகிவிட்டாள். லாட்ஜில்தான், "கூட யாரும் வரலையாம்மா?" என்று இரண்டு தரம் கேட்டுவிட்டு அப்புறம் சாவியைக் கொடுத்தார்கள். ஆதார் அட்டையைக் காட்டின பிறகு இந்தக் கேள்வி எதற்கு என்று எனக்குப் புரியவில்லை.

காலை ஆறு மணிக்கு நடை திறக்கும்போது பெரிய கோயிலில் இருந்தேன். அந்த நேரத்தில் பிராகாரத்துக் கல் தரை காலுக்கு ஜில்லென்று இருக்கும். மத்தியானம் போகிற டூரிஸ்ட்டுகள் அதே தரையில் துள்ளித் துள்ளி ஓடுவார்கள், பாவம். கோயிலுக்கு வெளியே புது ஆறு காய்ந்து கிடந்தது. ஜனவரி 28-ல் மேட்டூரை மூடுவது வழக்கம், மாசியில் தண்ணீர் ஏது? 1934-ல் வெட்டி முடித்த கால்வாயை இன்னும் 'புது' ஆறு என்று கூப்பிடுகிற ஊர் எங்கள் ஊர்! சரஸ்வதி மகாலுக்கும் போனேன், பழைய பஸ் ஸ்டாண்டைப் புதுசாகக் கட்டியிருப்பதையும் பார்த்தேன், பேத்திக்குத் தலையாட்டி பொம்மை வாங்கினேன்.

என்னை அசைத்தது வேறு. ராஜராஜன் 1010-ல் கட்டி முடித்த இந்தக் கோயிலில், ஆடல் பாடலுக்கென்று நானூறு பெண்களைச் சோழ நாட்டின் பல கோயில்களிலிருந்து கொண்டுவந்து குடிவைத்தார்கள். தளிச்சேரிப் பெண்டுகள் என்று அவர்களுக்குப் பெயர். ஒவ்வொருத்திக்கும் ஒரு வீடு, வருஷத்துக்கு நூறு கலம் நெல். பள்ளிக்கூடத்தில் எங்கள் தமிழ் டீச்சர் சொல்லிக்கொடுத்ததுதான். அன்றைக்கு அது மார்க்குக்காகப் படித்த பாடம். இந்த வயதில் அந்தச் சுவர்களுக்கு முன்னால் நின்று நினைத்துப் பார்த்தால் வேறு மாதிரி இருக்கிறது. இன்ன தெரு, இன்ன சிறகு, இத்தனையாவது வீடு என்று கல்லில் வெட்டி, அதில் குடியிருந்தவள் பெயரையும் வெட்டி, கூடவே அவள் திருவாரூரிலிருந்து வந்தவளா, திருவையாற்றிலிருந்து வந்தவளா, பழையாறையிலிருந்து வந்தவளா என்பதையும் வெட்டி வைத்திருக்கிறார்கள்!

ராஜா உத்தரவு, அவர்களை யாரும் இஷ்டம் கேட்டிருக்க மாட்டார்கள். அதை நான் பெருமையாகச் சொல்லவில்லை. ஆனால் ஊர் மாற்றிக் கொண்டுவந்த பெண்ணின் பழைய ஊரை அழிக்காமல் எழுதத் தோன்றியிருக்கிறது பாருங்கள். நம் கல்யாணப் பத்திரிகையோடு நம் ஊர்ப் பெயர் முடிந்துபோகிறது. அப்புறம் ரேஷன் கார்டு, ஆதார், பாஸ்போர்ட் எல்லாவற்றிலும் புகுந்த ஊர் விலாசம்தான். என் பேரன் என்னிடம், "பாட்டி, உனக்கும் அம்பாசமுத்திரம்தானே?" என்று கேட்கிறான். அது அவன் தாத்தா ஊர்!

மூன்று நாளும் வீடு ஒன்றும் கவிழ்ந்துவிடவில்லை. ரசப்பொடி டப்பாவைத் தேடி எனக்கு இரண்டு போன் வந்தது, அவ்வளவுதான்.

அடுத்து தை மாதம் போகிறேன். மாட்டுப் பொங்கலன்று பெரிய நந்திக்குக் காய்கறி, பழ அலங்காரம் பார்த்துப் பல வருஷமாகிறது. பொங்கல் சமயத்தில் ரூம் கிடைப்பது கஷ்டம் என்று இப்போதே சொல்லி வைத்துவிட்டேன், இரண்டு பேருக்கு. நாத்தனாரும் வருகிறாராம்.

- தஞ்சாவூர்ப் பெண், சென்னை.