மாப்பிள்ளைக்கு எந்த ஷூ?

ஒடுகத்தூர் பக்கம் கல்யாணமா? மாலை வரவேற்பில் மாப்பிள்ளை கோட்டு-சூட்டில் நிற்கிறார். சூட்டு வாடகைக்குக் கிடைக்கும். ஷூவைக் காசு கொடுத்துத்தான் வாங்கணும். அதுவும் பல இடங்களில் பெண் வீட்டார் காசு!

கடையில் கண்ணாடி மாதிரி மின்னுகிற ஷூவைப் பார்த்து மயங்கிவிடுகிறார்கள். ரெக்சினாக இருந்தால் மடிப்பு விழுகிற இடத்தில் வெடித்துவிடும். அப்புறம் பாலிஷ் போட்டும் பயன் இல்லை. ஒரு ராத்திரி ஜொலிப்பு... மறுநாள் பரண்!

பக்கத்தில்தான் ஆம்பூர். வெளிநாட்டுக்காரர்கள் போடுகிற தோல் ஷூ அங்கே தயாராகிறது. சுற்றுவட்டாரப் பெண்கள் பஸ் ஏறிப் போய் அதைத் தைக்கிறார்கள். அவர்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு மட்டும் ரெக்சினா?

வாங்குவதானால் அசல் தோலில், லேஸ் கட்டுகிற, பூவேலை இல்லாத கறுப்பு ஷூ வாங்குங்கள். நன்றாகப் பாலிஷ் போட்டால் மாலை வரவேற்புக்கும் எடுப்பு. மறுநாள் ஆபீசுக்கும் ஆகும்.

சாயங்காலம் கால் சற்று வீங்கும். அந்த நேரத்தில் போய், சாக்ஸ் மாட்டி, இரண்டு காலிலும் போட்டுப் பார்க்கணும். கல்யாணத்துக்கு முன்பே சில நாள் வீட்டுக்குள் நடந்து பழகணும். இல்லாவிட்டால் மாப்பிள்ளை மேடையில் நொண்டுவார்!

மேடை ஒரு நாள்தான். செருப்புக்கடைக்குக் கொடுத்த காசு பல வருஷம் உழைக்க வேண்டாமா?